தொடக்கப் பள்ளியை மூடும் திட்டம் வந்தால்: அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓர் ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் அனுப்பும் முதல் மின்னஞ்சலில் "மூடப் போகிறோம்" என்ற சொல் அநேகமாக இருக்காது. "மறுசீரமைப்பு", "நீண்டகாலக் கட்டடத் திட்டம்", "எல்லை மறுஆய்வு" என்றுதான் தொடங்கும். சியாட்டில் டிஸ்ட்ரிக்ட் "வளங்கள் நிறைந்த பள்ளிகள்" என்று பெயர் வைத்தது. பெயர் எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: என் பிள்ளை நடந்து போகிற பள்ளி அடுத்த செப்டம்பரில் இருக்குமா?

இது பெருநகரங்களின் பிரச்சினை மட்டும் இல்லை. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் ஊர்களிலும் நடந்திருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ டிஸ்ட்ரிக்ட் 2023-ல் இரண்டு தொடக்கப் பள்ளிகளை மற்றப் பள்ளிகளோடு இணைத்தது. டெக்சஸில் பிளேனோ 2024 ஜூனில் நான்கு பள்ளிகளையும், அதே ஆண்டு டிசம்பரில் லூயிஸ்வில் ஐந்து தொடக்கப் பள்ளிகளையும் மூட வாக்களித்தன. காரணங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 2007-க்குப் பிறகு அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை சரிந்தது. வீட்டு விலை ஏறியதில் இளம் குடும்பங்கள் தள்ளிப் போயின. கொரோனா காலத்தில் கொஞ்சம் பேர் தனியார் பள்ளிக்கும் வீட்டுக் கல்விக்கும் மாறினார்கள். அந்தக் காலத்து மத்திய அரசு உதவிப் பணத்தின் கடைசித் தவணையும் 2024 செப்டம்பரோடு முடிந்தது.

எதிர்ப்பு எல்லா இடத்திலும் வெல்வதில்லை. ஆனால் சியாட்டிலில் நடந்ததைக் கவனியுங்கள். 2024 மே மாதம் 20 பள்ளிகள் வரை மூடலாம் என்றார்கள். செப்டம்பரில் 21 பள்ளி, 17 பள்ளி என்று இரண்டு பட்டியல்கள் வந்தன. அக்டோபர் முடிவதற்குள் அது நான்கானது. நவம்பர் இறுதியில் அந்த நான்கும் கைவிடப்பட்டன. பெற்றோர் கண்ணீர் விட்டதால் மட்டும் இது நடக்கவில்லை. கணக்கு நிற்கவில்லை. நான்கு பள்ளிகளை மூடினால் மிச்சமாவது சுமார் 55 லட்சம் டாலர். பற்றாக்குறையோ 9 கோடி டாலருக்கு மேல். அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் கேள்வி கேட்ட பெற்றோர் அங்கே இருந்தார்கள்.

இந்த வழிகாட்டியின் சாரமும் அதுதான். டிஸ்ட்ரிக்டின் கணக்கை அதன் ஆவணங்களிலிருந்தே எடுத்துச் சோதியுங்கள். வேறொரு பள்ளியைக் காட்டிக்கொடுத்து உங்கள் பள்ளியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

படி 1: எந்த வகைத் திட்டம், எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

தொடக்கப் பள்ளி மறுசீரமைப்பு நாலைந்து வடிவங்களில் வரும். பள்ளியை முழுதாக மூடுவது ஒன்று. இரண்டு பள்ளிகளை ஒரே கட்டடத்துக்குக் கொண்டுவருவது இன்னொன்று. மூன்றாவது, இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றில் கிண்டர்கார்டன் முதல் 2 வரை, மற்றதில் 3 முதல் 5 வரை என்று வகுப்புகளைப் பிரிப்பது. ஐந்தாம் வகுப்பை மிடில் ஸ்கூலுக்கு ஏற்றுவது, எல்லைக் கோட்டை மட்டும் நகர்த்துவது என்பவையும் உண்டு.

வகை தெரியாமல் எதிர்த்தால் வாதம் தவறிப் போகும். வகுப்புகளைப் பிரிக்கும் திட்டத்தில் கட்டடம் எதுவும் மூடப்படாது. அங்கே "எங்கள் பள்ளியை மூடாதே" என்ற பதாகைக்கு அர்த்தமில்லை. அங்கே உண்மையான சிக்கல், ஒரே வீட்டில் முதல் வகுப்புப் பிள்ளையும் நான்காம் வகுப்புப் பிள்ளையும் வெவ்வேறு பள்ளிக்குப் போவதும், இரண்டு பள்ளிகளும் ஒரே நேரத்தில் மணி அடிப்பதும்தான். அதே சமயம் இந்த முறைக்கு ஒரு நல்ல வரலாறும் இருக்கிறது. 1948-ல் நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில் வெள்ளை, கறுப்பினக் குழந்தைகளை ஒன்றாகப் படிக்க வைக்க இதே வழியைத்தான் கையாண்டார்கள். எனவே எடுத்த எடுப்பில் மறுக்காதீர்கள்.

அடுத்தது காலம். செப்டம்பரில் அமலாக வேண்டிய மாற்றத்துக்கு, டிஸ்ட்ரிக்டின் முடிவுகளை எடுக்கும் பள்ளி போர்டின் வாக்கெடுப்பு பெரும்பாலும் அதற்கு முந்தைய நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் நடக்கும். கிண்டர்கார்டன் பதிவும் அடுத்த ஆண்டு ஆசிரியர் ஒதுக்கீடும் அதன் பிறகுதான் தொடங்க முடியும். பின்னோக்கி எண்ணினால், ஆலோசனைக் குழு அமைப்பது வசந்த காலத்தில், மாணவர் எண்ணிக்கை அறிக்கை கோடையில், பள்ளிப் பெயர்கள் இலையுதிர் காலத்தில். பெரும்பாலான பெற்றோர் பெயர் வந்த பிறகுதான் விழிக்கிறார்கள். அதற்குள் எந்த அளவுகோலில் பள்ளிகளைத் தேர்வது என்பது முடிவாகியிருக்கும். அளவுகோல் முடிவான பிறகு பட்டியலை மாற்றுவது பத்து மடங்கு கடினம். ஆகவே "நீண்டகாலத் திட்டக் குழு" என்ற பெயரில் ஒரு குழு அமைக்கப்படும்போதே அதில் உங்கள் பள்ளியிலிருந்து ஒருவர் விண்ணப்பித்து உள்ளே போக வேண்டும்.

படி 2: ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள்

எல்லா மாநிலங்களிலும் பொது ஆவணச் சட்டம் உண்டு. நம் ஊர் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போல. காரணம் சொல்ல வேண்டியதில்லை. குடியுரிமை அவசியமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா, வாஷிங்டன், டெக்சஸ் மூன்றிலும் விசாவில் இருப்பவரும் கேட்கலாம். வாஷிங்டனில் 5 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். கலிஃபோர்னியாவில் ஆவணம் கொடுக்கப்படுமா என்பதை 10 நாட்களில் சொல்ல வேண்டும். டெக்சஸில் 10 வேலை நாள். இது முதல் பதிலுக்கான கெடு மட்டுமே. முழு ஆவணமும் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "பள்ளி மூடல் தொடர்பான எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால் ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்களைத் தேட வேண்டும் என்று ஆறு மாதம் தள்ளிப் போடுவார்கள். குறிப்பாகக் கேளுங்கள். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் உள்ள அறைகளின் பட்டியல், ஒவ்வோர் அறையும் இந்த ஆண்டு எதற்குப் பயன்படுகிறது. கொள்ளளவைக் கணக்கிட்ட சூத்திரம். கடந்த 6 ஆண்டுகளில் வெளியான மாணவர் எண்ணிக்கைக் கணிப்பு அறிக்கைகள். சேமிப்புக் கணக்கின் எக்செல் கோப்பு. கட்டட நிலை மதிப்பீடு. கட்டடங்களுக்காகக் கடைசியாக வாங்கிய கடனான பாண்டு பணத்தில் எந்தப் பள்ளிக்கு என்ன வேலை நடந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனி விண்ணப்பமாக அனுப்புங்கள். ஒன்று தாமதமானால் மற்றவை நிற்காது. கோப்பை அச்சாகவோ பிடிஎஃப்-ஆகவோ அல்லாமல், சூத்திரங்கள் அழியாத எக்செல் வடிவில் வேண்டும் என்று எழுதுங்கள். பிடிஎஃப்-ல் எண் மட்டும்தான் தெரியும், எண் எங்கிருந்து வந்தது என்பது மறைந்துவிடும்.

படி 3: மூன்று எண்களைச் சோதியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஐ.டி. வேலையில் இருக்கும் நம்மவர்கள் உண்மையாகவே உதவக்கூடிய இடமும் இதுதான்.

முதல் எண், கொள்ளளவு. "உங்கள் பள்ளி 62 சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது" என்பார்கள். அந்த 62 எப்படி வந்தது? ஓர் எடுத்துக்காட்டு: 20 அறைகள், அறைக்கு 25 பேர், மொத்தம் 500 இடம். படிப்பவர்கள் 310. ஆக 62 சதவீதம். இப்போது பள்ளிக்குள் நடந்து பாருங்கள். ஓர் அறை இசைக்கு. ஓர் அறையில் ஆங்கிலம் இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு. ஓர் அறை ப்ரீ-ஸ்கூல். இரண்டு அறைகளில் சிறப்புக் கல்வி வகுப்புகள். அங்கே 10 பிள்ளைகளுக்கு மேல் வைக்க முடியாது. மிச்சம் 15 அறைகள், சிறு வகுப்புகளையும் சேர்த்துச் சராசரி 24 பேர் என்றால் 360. சிறப்புக் கல்வி அறைகளின் 20 சேர்ந்தால் 380. இப்போது 310 என்பது 82 சதவீதம். பள்ளி அதே பள்ளிதான். வகுத்த எண்தான் மாறியிருக்கிறது. பின்னால் நிற்கும் தற்காலிக போர்ட்டபிள் அறைகளையும் கொள்ளளவில் சேர்த்திருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். சேர்த்திருந்தால் காலி இடம் இன்னும் பெரிதாகத் தெரியும். பிள்ளைகள் போய்ச் சேரப்போகும் பள்ளிக்கும் இதே கணக்கைப் போடுங்கள். அங்கே இசை அறை வகுப்பறையாக மாறினால்தான் எல்லோருக்கும் இடம் கிடைக்கும் என்று பல சமயம் தெரியவரும்.

இரண்டாவது எண், வருங்கால மாணவர் எண்ணிக்கை. வழக்கமான முறை இது: இந்த ஆண்டு இரண்டாம் வகுப்பில் 50 பேர் இருந்து, முந்தைய ஆண்டுகளில் சராசரியாக 98 சதவீதம் பேர் மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்தால், அடுத்த ஆண்டு மூன்றில் 49. கிண்டர்கார்டனுக்கு மட்டும் முந்தைய வகுப்பு கிடையாது என்பதால் ஐந்து ஆண்டுகளுக்கு முன் அந்தக் கவுண்ட்டியில் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணிப்பார்கள். தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் பகுதியில் இது தவறும். நம் பிள்ளைகளில் பலர் சென்னையிலோ வேறு மாநிலத்திலோ பிறந்து, மூன்று நான்கு வயதில் இங்கே வருகிறவர்கள். அந்த வரத்து முந்தைய ஆண்டுகளின் விகிதம் வழியாக ஓரளவு கணக்கில் ஏறும். ஆனால் புதிதாக ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு திறந்த ஆண்டில் ஏறாது. நகராட்சியின் திட்ட அலுவலகத்தில் அனுமதி பெற்ற வீடுகளின் பட்டியல் பொது ஆவணமாகக் கிடைக்கும். அதை எல்லை வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

கணிப்பு நம்பத்தக்கதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய அறிக்கையை எடுத்து, இந்த ஆண்டுக்கு உங்கள் பள்ளியில் எத்தனை பேர் என்று அது சொன்னதையும், உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் ஒரே வரியில் எழுதுங்கள். டிஸ்ட்ரிக்ட் முழுமைக்குமான கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தனிப் பள்ளி அளவில்தான் வழுக்கும். டிஸ்ட்ரிக்டின் கணிப்பு சரியாக வந்திருந்தால் அதை ஒப்புக்கொள்ளுங்கள். சரியான எண்ணோடு சண்டை போட்டால் மற்ற எண்களில் நீங்கள் காட்டும் பிழையையும் நம்ப மாட்டார்கள்.

மூன்றாவது எண், சேமிப்பு. இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் ஆட்டம் காண்கின்றன. பியூ அறக்கட்டளை 2011-ல் ஆறு பெருநகர டிஸ்ட்ரிக்டுகளைப் பார்த்தபோது, ஒரு பள்ளியை மூடினால் ஆண்டுக்கு மிச்சமாவது பொதுவாக 10 லட்சம் டாலருக்கும் குறைவு என்று கண்டது. அதுவும் ஆட்குறைப்போடு சேர்ந்தால்தான் பெரிய தொகையாகிறது. ஏனென்றால் பிள்ளைகள் மறைந்துவிடுவதில்லை. அவர்களுக்கு ஆசிரியர் எங்கோ ஓரிடத்தில் வேண்டும். உண்மையில் மிச்சமாவது பிரின்சிபல், அலுவலகப் பணியாளர், நூலகர், துப்புரவு, மின்சாரம் ஆகியவற்றின் செலவுதான்.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: டிஸ்ட்ரிக்ட் 9 லட்சம் டாலர் மிச்சம் என்கிறது. பள்ளியை மூடியதும் 310 பேரில் 25 பேர் தனியார் பள்ளிக்கோ பக்கத்து டிஸ்ட்ரிக்டுக்கோ போய்விட்டால், தலைக்கு 11,000 டாலர் மாநில உதவி வீதம் 2 லட்சத்து 75 ஆயிரம் போகும். புதிதாக இரண்டு பேருந்து வழித்தடம், தடத்துக்கு 70,000 வீதம் 1 லட்சத்து 40 ஆயிரம். காலிக் கட்டடத்தின் காப்பீடு, குளிர்காலத்தில் குழாய் உறையாமலிருக்கச் சூடாக்குவது, காவல் எல்லாம் சேர்ந்து 50 ஆயிரம். மிஞ்சுவது 4 லட்சத்து 35 ஆயிரம். மொத்த பட்ஜெட் 30 கோடி டாலர் என்றால், நூறு டாலருக்கு 15 சென்ட். முதலாண்டின் இடமாற்றச் செலவு இதில் இன்னும் சேரவில்லை. உங்கள் டிஸ்ட்ரிக்டின் உண்மையான எண்களை இதே வரிசையில் போட்டு ஒரு பக்கத்தில் அடக்குங்கள். "கட்டடத்தை விற்றால் கோடிக்கணக்கில் வரும்" என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தைச் சம்பளம் போன்ற நடைமுறைச் செலவுக்கு எடுக்க உங்கள் மாநிலத்தில் அனுமதி உண்டா என்று கேளுங்கள். பல மாநிலங்களில் அது கட்டடச் செலவுக்கும் கடனுக்கும் மட்டும்தான் போக முடியும்.

படி 4: நடந்து பாருங்கள்

காகிதத்தில் புதுப் பள்ளி 0.9 மைல் என்று இருக்கும். வேலை நாளில் காலை 8 மணிக்கு, ஆறு வயதுப் பிள்ளையோடு, புத்தகப் பையோடு அந்த வழியை ஒருமுறை நடங்கள். எத்தனை நிமிடம் ஆனது, எங்கெல்லாம் நடைபாதை இல்லை, எத்தனை முறை சாலையைக் கடக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சிக்னல்களில் பாதசாரிக்கான நேரத்தை வினாடிக்கு 3.5 அடி நடை வேகம் என்று வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். 60 அடி அகலச் சாலைக்கு சுமார் 17 வினாடி. பனி படிந்த காலையில் ஒரு முதல் வகுப்புப் பிள்ளை நடுவழியில் கையுறையை எடுக்கக் குனிந்தால் அந்த 17 வினாடி போதாது. அந்தச் சந்திப்பில் நின்று, சிக்னலின் எண் பூஜ்யத்துக்கு வரும்போது பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும்படி ஒரு படம் எடுங்கள். போர்டு கூட்டத்தில் இருபது பேர் பேசிய பிறகும் அந்தப் படம் நினைவில் நிற்கும்.

பள்ளி முடிந்த பிறகான பராமரிப்பு வகுப்பில் புதுப் பள்ளியில் எத்தனை இடம், இப்போது காத்திருப்போர் எத்தனை பேர் என்பதையும் விசாரியுங்கள். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் அன்றாட வாழ்க்கையைக் கலைக்கும்.

படி 5: குழுவைக் கட்டுங்கள், பட்டியலில் உள்ள எல்லாப் பள்ளிகளோடும்

எட்டுப் பேர் போதும். ஆனால் வேலை பிரிந்திருக்க வேண்டும். ஆவணம், எண், கூட்டங்களின் நாட்காட்டி, ஊடகம், மொழிபெயர்ப்பு என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. தமிழ் வாட்ஸாப் குழு ஒன்று தனியாக இருப்பது நல்லதுதான். ஆனால் அதற்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் எதுவும் நகராது. ஸ்பானிஷ், சீன, சோமாலி பேசும் பெற்றோரும் ஆங்கிலப் பெற்றோரும் இருக்கும் குழுவில் நம்மவர் இருவராவது இருக்க வேண்டும். வாட்ஸாப்பில் வரும் "நம்பத்தகுந்த வட்டாரம் சொன்னது" ரகச் செய்திகளை டிஸ்ட்ரிக்ட் ஆவணத்தோடு ஒப்பிடாமல் முன்னனுப்பாதீர்கள். ஒரே ஒரு பொய்யான எண் போதும், மொத்தக் குழுவின் சொல்லும் எடுபடாமல் போக.

எதிர்ப்புகள் தோற்பதற்கு மிகப் பெரிய காரணம் வெளியிலிருந்து வருவதில்லை. "எங்கள் பள்ளிக்குப் பதில் அந்தப் பள்ளியை மூடுங்கள்" என்று ஒரு குழு சொன்ன நாளிலேயே டிஸ்ட்ரிக்ட் பாதி வென்றுவிடுகிறது. அதன் பிறகு மூடலாமா கூடாதா என்ற பேச்சே எழாது, எதை மூடுவது என்பதுதான் பேச்சாகிவிடும். சியாட்டிலில் "ஆல் டுகெதர் ஃபார் சியாட்டில் ஸ்கூல்ஸ்" என்ற பெற்றோர் குழு பெயரிலேயே எல்லோரையும் சேர்த்துக்கொண்டது. உங்கள் முதல் மனுவிலேயே "எந்தப் பள்ளியின் பெயரையும் மாற்றாகச் சொல்ல மாட்டோம்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதுப் பள்ளியின் மதிப்பெண் தரவரிசை குறைவு, நம் வீட்டு விலை இறங்கும் என்ற வாதங்களைக் கூட்டத்தில் எடுக்காதீர்கள். அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அதே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் காயப்படுத்துகிற பேச்சு அது. போர்டும் அதற்குச் செவி சாய்க்காது. நாளை உங்கள் பிள்ளை அவர்களோடுதான் ஒரே பெஞ்சில் உட்காரலாம்.

பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ. வரிவிலக்குப் பெற்ற அமைப்பாக இருந்தால், மூடல் திட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லலாம்; போர்டு தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. எச்-1பி விசாவில் இருப்பவர் போர்டு கூட்டத்தில் பேசலாம், மனு கொடுக்கலாம், கடிதம் எழுதலாம். வேட்பாளருக்கு நன்கொடை மட்டும் கொடுக்கவே கூடாது. மத்தியச் சட்டம் தடுக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர் கொடுக்கலாம். வாக்களிப்பது பொதுவாகக் குடிமக்களுக்கு மட்டுமே. சில இடங்கள் இதற்கு விதிவிலக்கு. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2016-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டத்தால், அந்த நகரில் வாழும் குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி போர்டு தேர்தலில் வாக்களிக்கலாம். பதிவு செய்யும் முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

படி 6: போர்டு உறுப்பினர்களைச் சந்தியுங்கள்

முடிவெடுப்பது டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்ட் அல்ல, போர்டு. பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு பேர். பொதுக் கூட்டத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியாக, இரண்டு மூன்று பேர் போய்ப் பாருங்கள். கையில் அந்த ஒரு பக்கக் கணக்கு இருக்கட்டும். "வாக்களிக்கும் முன் எந்தக் கேள்விக்கு உங்களுக்கு விடை வேண்டும்?" என்று கேளுங்கள். பதிலில் அவர் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

ஒரு கவனம்: திறந்த கூட்டச் சட்டப்படி பெரும்பான்மை உறுப்பினர்கள் பொதுக் கூட்டத்துக்கு வெளியே இதை விவாதிக்கக் கூடாது. ஐந்து பேர் போர்டில் மூன்று பேரை ஒரே காபிக் கடைக்கு அழைக்காதீர்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் கொண்டுபோய்ச் சொல்வதும் கலிஃபோர்னியாவில் சங்கிலிக் கூட்டம் என்ற மீறலாகலாம். சிக்கல் அவர்களுக்குத்தான், ஆனால் உங்கள் மீதான நம்பிக்கை போய்விடும்.

படி 7: அந்த இரண்டு நிமிடம்

பொதுமக்கள் பேச 2 அல்லது 3 நிமிடம் தருவார்கள். பெயர் பதிவு பல இடங்களில் முந்தைய நாளோடு முடிந்துவிடும், பேசுவோர் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு. கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலான அஜெண்டா கலிஃபோர்னியாவில் 72 மணி நேரம் முன்பு வெளிவர வேண்டும். வந்த உடனே அதில் மூடல் திட்டத்தின் எண்ணைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

இருபது பேரும் "இந்தப் பள்ளி எங்கள் குடும்பம் மாதிரி" என்று பேசினால் போர்டு உறுப்பினர்கள் மூன்றாவது ஆளிலேயே கேட்பதை நிறுத்திவிடுவார்கள். ஆளுக்கு ஒன்று பிரியுங்கள்: ஒருவர் கொள்ளளவு, ஒருவர் சேமிப்பு, ஒருவர் சிக்னல், ஒருவர் சிறப்புக் கல்வி, ஒருவர் மாற்றுத் திட்டம். ஆங்கிலத்தில் 2 நிமிடத்துக்கு 250 சொற்களுக்கு மேல் எழுதாதீர்கள். பதற்றத்தில் வேகமாகப் பேசினால் பாதி காதில் விழாது. அமைப்பு இப்படி: பெயர், பிள்ளை எந்த வகுப்பு, அஜெண்டா எண். அடுத்து ஒரே ஓர் உண்மை, ஆவணத்தின் பக்க எண்ணோடு. பிறகு அது ஒரு பிள்ளைக்கு என்ன செய்யும் என்று இரண்டு வாக்கியம். கடைசியில் ஒரே கோரிக்கை: "வாக்கெடுப்பைத் தள்ளிவைத்து, திருத்திய சேமிப்புக் கணக்கை வெளியிடுங்கள்." நேரம் முடிந்ததும் நிறுத்துங்கள். கத்தக் கூடாது. மற்றப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லக் கூடாது.

ஆங்கிலம் சரளமாக வராத தாய்மாரும், பேரப்பிள்ளையைத் தினமும் பள்ளிக்கு அழைத்துப்போகும் தாத்தா பாட்டியும் தமிழிலேயே பேசட்டும். காலையில் அந்தச் சாலையைக் கடப்பவர்கள் அவர்கள்தானே! சிவில் உரிமைச் சட்டத்தின்படி, ஆங்கிலம் அறியாத பெற்றோருக்குப் புரியும் மொழியில் டிஸ்ட்ரிக்ட் தகவல் தர வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே எழுத்தில் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசுபவருக்கு, காதொலிக் கருவி வழியாக உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வசதி இல்லையென்றால், இரு மடங்கு நேரம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

படி 8: மாற்று ஒன்றைக் கையில் வைத்திருங்கள்

"வேண்டாம்" என்பதோடு நின்றால், "பணத்துக்கு என்ன வழி?" என்ற கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு சிறிய பள்ளிகளுக்கு ஒரே பிரின்சிபல். காலி அறைகளை ப்ரீ-ஸ்கூலுக்கோ குழந்தைகள் காப்பகத்துக்கோ வாடகைக்கு விடுவது. நெரிசலான பக்கத்துப் பள்ளியின் எல்லையிலிருந்து சில தெருக்களை இங்கே நகர்த்துவது. இருமொழி வகுப்பு போன்ற சிறப்புத் திட்டம் ஒன்றை இங்கே கொண்டுவருவது. கலிஃபோர்னியாவில் 2025-26 முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும், கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பான டிரான்சிஷனல் கிண்டர்கார்டன் தர வேண்டும். அதற்கு அறைகள் தேவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை போடுங்கள். கடைசி நிலையாக, ஓராண்டு தள்ளிவைப்பதும், இப்போது நான்காம் வகுப்பில் இருப்பவர்கள் இங்கேயே முடிக்க அனுமதிப்பதும் கேட்கத்தக்கவை.

படி 9: சட்டம் எங்கே உதவும், எங்கே உதவாது

வாஷிங்டனில் மூடலின் விளைவுகள் பற்றி எழுத்துப்பூர்வ ஆய்வு வேண்டும். இறுதி முடிவுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் பொது விசாரணை நடத்த வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் தனி விசாரணை வேண்டும். போர்டின் முடிவை எதிர்த்து கவுண்ட்டியின் சுப்பீரியர் கோர்ட் என்ற நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். கலிஃபோர்னியாவில் 2022-ல் வந்த ஏ.பி. 1912 என்ற சட்டம், நிதி நெருக்கடியில் உள்ள டிஸ்ட்ரிக்டுகள் பள்ளியை மூடும் முன் அது எந்தச் சமூகத்தைப் பாதிக்கும் என்ற ஆய்வைச் செய்ய வேண்டும் என்கிறது. கட்டடத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ போகும் முன் 7 முதல் 11 பேர் கொண்ட ஆலோசனைக் குழுவை அமைக்கும் விதியும் அங்கே உண்டு.

நடைமுறை மீறலைக் காட்டி முடிவைத் தள்ளிவைக்க முடியும். "முடிவு தவறு" என்பதற்காக மட்டும் நீதிமன்றம் போர்டின் இடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது மிக அரிது. வழக்குக்குச் சேர்க்கும் பணத்தை விட, ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நடைமுறைப் பட்டியலைச் சரிபார்ப்பது பயன் தரும்.

சிறப்புக் கல்வித் திட்டமான ஐ.இ.பி. உள்ள பிள்ளையின் பெற்றோர் பலர், அதைக் காட்டி மூடலைத் தடுக்கலாம் என்று நம்புகிறார்கள். அதே சேவைகள் வேறு கட்டடத்தில் கிடைத்தால் அது இடமாற்றம்தான், கல்வி ஏற்பாட்டின் மாற்றம் இல்லை என்றே நீதிமன்றங்கள் பொதுவாகச் சொல்லியிருக்கின்றன. ஆனால் சேவை நிமிடங்களில் ஒன்று குறைந்தாலும் எதிர்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

படி 10: வாக்கெடுப்புக்குப் பிறகு

தோற்றாலும் வேலை முடியவில்லை. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் 2022 பிப்ரவரியில் போர்டு மூடல்களுக்கு வாக்களித்தது. ஆசிரியர்கள் உண்ணாவிரதம் இருந்தும் அது மாறவில்லை. அந்த நவம்பரில் தேர்தல் நடந்தது, போர்டின் முகம் மாறியது. 2023 ஜனவரியில் புதிய போர்டு, மூடப்பட இருந்த ஐந்து பள்ளிகளின் மேலிருந்த முடிவை ரத்து செய்தது.

மூடுவது உறுதியானால் இடமாற்றக் குழுவில் கட்டாயம் இடம் பிடியுங்கள். கோபத்தில் வெளியேறியவர்களின் பிள்ளைகளுக்கு யார் பேசுவார்கள்? சிகாகோவில் 2013-ல் 50 பள்ளிகள் மூடப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள். பின்னர் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, மூடல் அறிவிப்பு வந்த ஆண்டிலேயே பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் சரிந்திருந்தது. கலக்கம் பழைய பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. எனவே வசந்த காலத்திலேயே பிள்ளையைப் புதுப் பள்ளிக்கு இரண்டு முறையாவது அழைத்துப் போங்கள். கழிப்பறை எங்கே, மதிய உணவு எங்கே, பேருந்து எங்கே நிற்கும் என்று காட்டுங்கள். பிள்ளைகள் கடக்கும் சாலைச் சந்திப்பில் சாலைக் காவலர் நியமனம், வகுப்பு அளவுக்கு உச்சவரம்பு, நெருங்கிய நண்பர் ஒருவராவது அதே வகுப்பில், பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்பில் இடம் ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். ஐ.இ.பி. கூட்டத்தைக் கோடை விடுமுறைக்கு முன்பே, புதுப் பள்ளியின் பணியாளர் ஒருவரையும் உட்கார வைத்து நடத்தச் சொல்லுங்கள்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளி அந்தக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடந்துகொண்டிருந்தால், அதன் ஒப்பந்தத்தையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். கட்டடம் மூடப்படுகிற ஜூன் மாதத்தோடு அது முடிந்துவிடும். ஆகஸ்டில் இடம் தேடினால் மற்றப் பள்ளிகளின் சனி, ஞாயிறுகள் விளையாட்டுக் குழுக்களுக்கும் தேவாலயங்களுக்கும் ஏற்கெனவே போயிருக்கும். ஏப்ரலுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.